நாற்பத்தொன்றாம் பக்கம்

1949 செப்டம்பர் 14, புதன்கிழமை. காலை பத்தேகால்.

சேலத்து சர்க்கார் ஆபீஸ் ஒன்றின் ரெக்கார்டு அறையில் கைலாசம் அந்தப் பெரிய பதிவேட்டைத் திறந்தார். நாற்பதாம் பக்கம் இருந்தது. அடுத்தது நாற்பத்துமூன்று. நடுவில் ஒரு தாளைக் காணோம். தையலை ஒட்டி பிளேடால் அறுத்த தடம் வெள்ளைவெளேரென்று தெரிந்தது.

கைலாசம் இங்கே ரெக்கார்டு கீப்பராக இருபது வருஷம். ஒரு துண்டுச் சீட்டுகூடத் தவறியதில்லை.

1925இல் ஓமலூர்ப் பக்கமிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பதிவேடு அது. திங்கட்கிழமைதான் கண்டியிலிருந்து குணதாசவின் கடிதம் வந்திருந்தது. அவரும் அங்கே ரெக்கார்டு கீப்பர். இருவரும் முகம் பார்த்ததில்லை. ஒரே வெள்ளைக்கார ராஜாங்கம் எழுதி வைத்த காகிதம் இப்போது இரண்டு நாட்டில் கிடந்தது. இங்கே இல்லாததை அவர் தேடித் தருவார், அங்கே இல்லாததை இவர். போன வருஷம் ராசிபுரத்துத் தாய் ஒருத்திக்கு மகனின் இறப்புச் சான்றைத் தேடி அனுப்பியவர் குணதாசதான். எந்த உத்தரவும் இல்லை, மனசுதான்.

இந்தத் தடவை கேட்டது ஒரே ஒரு வரி. 'ஜலகண்டாபுரம் அங்கம்மாள், விதவை, ஒரு மகள், ஒரு பேரன். எந்த வருஷம் இங்கே வந்தாள் என்று காகிதம் காட்டினால்தான் குடியுரிமை கிடைக்கும். எங்கள் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. நவம்பர் ஏழாம் தேதி விசாரணை.'

வந்த அன்றே கைலாசம் அதை அறையில் இருந்தவர்களுக்குத் தமிழில் உரக்கச் சொன்னார். பக்கத்தைத் தேடிப் பிடித்து அடையாளச் சீட்டு வைத்தார். அப்போது ஏதோ தீய்ந்த நாற்றம் அடித்தது. மூலையில் கும்முட்டி அடுப்பில், தாள் ஒட்டும் காத்தான் காய்ச்சிக்கொண்டிருந்த பசை அடிப்பிடித்துவிட்டது. செவ்வாயன்று கைலாசத்துக்கு ஓமலூரில் வேலை. அன்றைக்குத்தான் தாள் போயிருக்கிறது.

பத்தேமுக்கால். நகல் எழுதும் குழந்தைவேல் வந்தார்.

"சாவி நேத்து யார்கிட்ட?"

"எங்கிட்டத்தானுங்க."

"உள்ளே யார் யார் வந்தாங்க?"

"நானு, காத்தான், அப்புறம் குமாரசாமி மணியக்காரருங்க. நெலத்து நகலு கேட்டு வந்தாரு."

"உங்க மேசையில பிளேடு இருக்கே?"

குழந்தைவேலின் முகம் சிவந்தது. "பிழை சுரண்டத்தானுங்க வச்சிருக்கேன். என்னையச் சந்தேகப்படறீங்களா?"

பதினொன்றரைக்குக் குமாரசாமியைப் பிடித்தார்கள். அந்தக் காலத்துப் பட்டியலுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். வயசு வராத பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பினார் என்று ஊரில் பேச்சு.

"பழைய பட்டியல் வெளியே வந்தா உங்களுக்குச் சங்கடம்தானே?"

"சங்கடந்தானுங்க," என்றார் கிழவர் தயங்காமல். "ஆனா என்ற கையெழுத்து அந்தப் பொஸ்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் இருக்குதே. ஒண்ணக் கிழிச்சு என்னத்துக்கு ஆகும்?"

நியாயம்தான். கைலாசம் பதிவேட்டை மறுபடி புரட்டினார். தைத்த புத்தகத்தில் ஒரு தாளை அறுத்தால் அதன் ஜோடித் தாள் பிடியற்றுக் கழன்று விழும். நாற்பத்தொன்றின் ஜோடி ஐம்பத்தைந்து. அது விழவில்லை. தொட்டுப் பார்த்தார். அடியில் பசை. ஈரம் இன்னும் முழுசாகக் காயவில்லை. லேசான நீலப்பச்சை நிறம். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை.

கைலாசம் பதிவேட்டை மூடிவிட்டு, மூலையில் இருந்த பசைச் சட்டியைப் பார்த்தார்.

மூன்று மணி. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் காத்தானைக் கூப்பிட்டார். நைந்த தாள்களை ஒட்டிச் சீர்செய்கிற ஆள். ஐம்பத்தைந்து வயசு. பதினைந்து வருஷமாக அதே மூலையில் இருக்கிறவன். தனிக்கட்டை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"காத்தா, படிச்சவன் எடுத்திருந்தா அந்த ஒரு வரியை மட்டும் சுரண்டியிருப்பான். முழுத் தாளையும் எடுத்தவனுக்கு எது எந்த வரின்னு தெரியலை. நான் வச்ச சீட்டைத்தான் நம்பியிருக்கான். தாளை எடுத்தவன், ஜோடித் தாள் விழுந்துடுமேன்னு பதைச்சு ஒட்டியும் வச்சிருக்கான். திருடன் எவன் அப்படிச் செய்வான்?"

காத்தான் விரலில் காய்ந்திருந்த பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கடிதத்தைப் படிச்சப்போ உன் பசை அடிப்பிடிச்சுது. 'விதவை'ன்னு எழுதியிருந்ததால அவளுக்கு இங்கே யாருமில்லைன்னு நான் நினைச்சேன். தப்பு என்னுது. அங்கம்மாள் உனக்கு யார்?"

காத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ற பொஞ்சாதிங்க சாமி. பஞ்சத்துல போனா. ரெண்டு வருசத்துல வந்தர்றேன்னுதான் போனா. அப்ப முழுகாம மூணு மாசமுங்க. ஆள் கூட்டிட்டுப் போன கங்காணியக் கேட்டா, தோட்டம் மாறிட்டா, எங்கிருக்காளோ தெரியாதுன்னாரு."

"தாளை எதுக்கு எடுத்தே?"

"காயிதம் இல்லீன்னா கப்பலேத்தி இங்க அனுப்பிச்சுருவாங்கன்னு சொன்னாங்க சாமி. வந்துருவாளேன்னுதான்." துண்டைக் கையில் சுருட்டினான். "நான் செத்துட்டேன்னு எழுதியிருக்கா. வந்தா கண்ணால பாத்துக்குவா இல்லீங்களா?"

கைலாசம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பதினஞ்சு வருசமா இந்தப் பொஸ்தகத்துக்கு நாந்தானுங்க பசை தடவுனேன்," என்றான் காத்தான். "அவ பேரு உள்ள இருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க."

தாள் அவன் வீட்டில் வெள்ளைத் துணியில் சுருட்டி, மடிப்பு விழாமல் இருந்தது. மறுநாள் அவனே கொண்டுவந்து ஒட்டினான். கைலாசம் இதை மேலதிகாரிகளுக்கு எழுதவில்லை. அது உத்தியோகத் தப்பு என்று அவருக்குத் தெரியும். நகலைக் கண்டிக்கு அனுப்பினார். கூடவே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'கணவர் காத்தான் உயிரோடு இருக்கிறார்.'

டிசம்பர் 2, வெள்ளிக்கிழமை. நாலு மணித் தபாலில் பதில் வந்தது. கைலாசம் மூலைக்குப் போய்க் காத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னார்.

நகலை விசாரணையில் ஏற்றுக்கொண்டார்கள். அங்கம்மாள் அங்கேயே இருக்கலாம். அவள் புருஷன் காலராவில் போய்விட்டதாக 1931இல் கங்காணி சொன்னாராம். அந்தக் கங்காணியும் இப்போது உயிரோடு இல்லை. குணதாசவே லீவு போட்டுத் தோட்டத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.  அங்கம்மாள், 'உசிரோட இருந்தவரு என்னத் தேடி வரலையே' என்றாளாம். மகளையும் பேரனையும் விட்டுவிட்டு வரமுடியாது என்றாளாம்.

கைலாசம் கடிதத்தை மடித்தார். காத்தான் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"எந்தத் தெசையில போய்த் தேடறதுன்னு தெரியலீங்களே சாமி எனக்கு."

"எழுதறேன், காத்தா. அதை அப்படியே எழுதறேன்."

காத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்: "பேரன் பேரு போட்டிருக்குதுங்களா?"

கைலாசம் கடிதத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இல்லை, காத்தா."

"அதையுங் கேட்டு எழுதுங்க."