வலது காதுக்குப் பின்னால்

எடமலைப்பட்டி புதூரில் பஸ்ஸை விட்டு நான் இறங்கியபோது காலை பதினொரு மணி. மாசி மாதம்தான், அதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. மெத்தைக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த விளையாட்டு சென்டர். நான் படியேறி வருவதைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றிருந்தார் நஸ்ருல்லா. சென்டரை நடத்துபவர். நாற்பது வயதிருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"நீங்கதான் மாலினி மேடமா? வேற யாரும் வரலையா?"

"ரிவ்யூ எல்லாம் நான்தான் படிக்கிறேன். நீங்க எழுதினதையும் நான்தான் படிச்சேன்."

"அப்ப நீங்க வந்ததுதான் சரி," என்று சொல்லிக் கதவைத் திறந்து விட்டார்.

ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதியில், ஒரு மாடியறையில் இயங்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. ஜனார்தன் சார் தனியாளாக உட்கார்ந்து உருவாக்கிய கேமின் பெயர் 'வாள்தாளம்'. ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டால் போதும். எதிரே இருட்டிலிருந்து கட்டைகள் பறந்து வரும். கையிலிருப்பது வாளாகத் தெரியும். பாட்டின் தாளத்துக்குத் தவறாமல் வெட்ட வேண்டும். விளையாடியவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து, குறைகளை எடுத்து அவரிடம் சொல்வது என் வேலை.

முதல் இரண்டு மாதம் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் புகழ்ந்தார்கள். வெட்டும் சத்தம்.

'இது கம்ப்யூட்டர் சத்தமே இல்லை. கனமாக, ஈரமாக, உயிருள்ள எதையோ வெட்டுவது போல இருக்கிறது. ஐந்து நட்சத்திரம்' என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். 'ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது' என்றாள் ஒரு கல்லூரி மாணவி.

தைக் கடைசியில் கருத்துகள் மாறின.

'மூன்றாவது பாட்டு முடிந்ததும் வலது காதுக்குப் பின்னால் ஒருவர் "போதுங்களா?" என்று கேட்கிறார். நல்ல ஐடியா.'

'அந்தப் "போதுங்களா" குரலை நிறுத்த வழி உண்டா? செட்டிங்கில் தேடிவிட்டேன்.'

'பாட்டு முடிந்த பிறகும் கட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கை வலிக்கிறது.'

'நேற்று கழுத்தில் மூச்சு பட்டது. ஹெட்செட்டில் மூச்சு எப்படி வரும்?'

ஒரே வாரத்தில் பதினோரு பேர். கோவை, சேலம், சிங்கப்பூர். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். எல்லாவற்றையும் அச்செடுத்து ஜனார்தன் சாரின் மேஜையில் வைத்தேன். நான்காவது வரிக்கு மேல் அவர் படிக்கவில்லை.

"அப்படி ஒரு வாய்ஸ் நாம வைக்கவே இல்லை, மாலினி. ஒருத்தர் எழுதினா நாலு பேர் அதையே எழுதுவா. விடுங்கோ."

"நீங்க ஒரு தடவை விளையாடிப் பாருங்கோ, சார்."

"நேரமில்லை," என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கேம் வெளிவந்த நாளிலிருந்து அவர் அதை மாட்டி விளையாடி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் நஸ்ருல்லாவின் கருத்து வந்தது. ஒரே ஒரு நட்சத்திரம். 'அழகிரி என்ற பாலிடெக்னிக் வாத்தியார் எங்கள் சென்டரில் விளையாடினார். ஹெட்செட்டைக் கழட்டிய பிறகும் அவர் கை நிற்கவில்லை. கம்பெனி ஆள் நேரில் வரவும்.'

சென்டருக்குள் சுவரெல்லாம் கறுப்புப் பெயின்ட். ஜன்னலை அடைத்திருந்தார்கள். வெளியே மதுரை ரோட்டில் லாரி போகும் சத்தம் கூட உள்ளே மந்தமாகத்தான் கேட்டது. தரையில் புது ரப்பர் விரிப்பு. ஆனால் அறையில் ரப்பர் வாசனை இல்லை. பச்சையாக, துவர்ப்பாக, வெட்டிப்போட்ட வாழை மட்டையின் வாசனை.

"முந்தாநாள்லேர்ந்து இந்த வாடை," என்றார் நஸ்ருல்லா. "மூணு தடவை கழுவிட்டேன். அழகிரி சார் வாராவாரம் வர்றவரு மேடம், சாதுவான மனுஷன். பாட்டு முடிஞ்சு, திரையெல்லாம் அணைஞ்சிருச்சு. அவரு வெட்டிக்கிட்டே இருக்காரு. நாலு பேரு சேர்ந்து அமுக்கிப் புடிச்சோம். எங்க கையையும் சேர்த்துத் தூக்குது அந்தக் கை. தோள்பட்டை விலகின பிறகுதான் நின்னுச்சு."

"அவர் ஏதாவது சொன்னாரா?"

"அழுதாரு. 'எனக்குப் பதில் தெரியலை, எனக்குப் பதில் தெரியலை'ன்னாரு."

நான் ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டப்பகல், பக்கத்தில் ஆள் இருக்கிறார். ஒரு சத்தத்துக்கு எவ்வளவுதான் பயப்படுவது?

முதல் பாட்டு சாதாரணமாகப் போனது. இரண்டாவதில் வியர்த்தது. மூன்றாவது பாட்டில், வெட்டும் சத்தத்துக்கு நடுவே வேறு ஏதோ இருப்பது காதில் பட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சு. கிழட்டு மூச்சு. கையை ஓங்குகிறவனின் மூச்சு.

பாட்டு முடிந்தது. மதிப்பெண் தெரிந்தது. கையைக் கீழே போட்டேன்.

"போதுங்களா?"

வலது காதுக்குப் பின்னால். ஒரு சாண் தூரத்தில். பணிவான குரல், களைத்த குரல்.

எதிரே ஒரு கட்டை வந்தது. நான் வெட்டவில்லை.

என் கை வெட்டியது.

சதக்.

அடுத்தது வந்தது. விரலை விரித்துக் கன்ட்ரோலரைக் கீழே போட்டேன். ரப்பரில் அது விழுந்து உருளும் சத்தம் கேட்டது. வெறுங்கை மேலே போய் இறங்கியது.

சதக்.

"போதுங்களா?"

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தோளிலிருந்து முழங்கை வரை நெருப்பாக எரிந்தது. கத்த வாயைத் திறந்தால், வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெயிலில் பல மணி நேரம் தண்ணீரில்லாமல் நின்றவளைப் போல.

சதக். சதக்.

"போதும்," என்றேன் ஒருவழியாக. "போதுங்க ஐயா. நிறுத்திடுங்க."

கை அந்தரத்தில் நின்றது.

கழுத்தில் மூச்சு பட்டது. சூடான மூச்சு. அந்தக் குரல் யோசித்து, மரியாதையாகச் சொன்னது:

"நீங்க சொன்னா ஆகாதுங்களே. அவரு சொல்லணும்."

நான் அலறினேன். "நஸ்ருல்லா பாய், இதைக் கழட்டுங்க! கழட்டுங்க!"

அவர் குரல் அறையின் மறுகோடியிலிருந்து வந்தது.

"மேடம், அதைக் கழட்டி அஞ்சு நிமிஷமாச்சு."

கண்ணைத் திறந்தேன். ஹெட்செட் அவர் கையில் இருந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஜனார்தன் சாரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். வலது கையைத் துப்பட்டாவால் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தேன். அவர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"அந்த வெட்டற சத்தம், சார். எங்கே ரெக்கார்டு பண்ணினேள்?"

 அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"உப்பிலியபுரம் பக்கத்துல ஒரு வாழைக்கொல்லை. தார் எடுத்த மரத்தையெல்லாம் சாய்ச்சிண்டிருந்தார் ஒருத்தர். ஆண்டின்னு பேர். அறுபது வயசிருக்கும். எனக்காக இன்னும் கொஞ்சம் வெட்டுங்கோன்னு கேட்டேன். ஒரு மரத்தை வெட்டிட்டுத் திரும்பிப் பார்ப்பார். 'போதுங்களா?'ம்பார். நான் ஹெட்போனைக் காதுல வச்சுண்டு ஒரு விரலைக் காட்டுவேன். இன்னொண்ணு. ஒவ்வொண்ணும் முன்னதைவிட நன்னா இருந்தது, மாலினி. அதனாலதான்."

"எப்போ?"

"சித்திரை. நல்ல வெயில். ஒரு மணிக்கு நான் சாப்பிடக் கார்கிட்ட போனேன். ஏ.சி. போட்டுண்டு அப்படியே கண் அசந்துட்டேன். ரெக்கார்டர் அங்கேயே ஓடிண்டிருந்தது. அவரை நிறுத்தச் சொல்ல மறந்துட்டேன்."

"அவரா நிறுத்தலையா?"

"யாரும் சொல்லலியே," என்றார்.

அறையில் அந்த வாழை மட்டை வாசனை லேசாக வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"திரும்பி வந்தப்போ சருகு மேல படுத்துண்டிருந்தார். அசதியில தூங்கறார்னு நினைச்சேன்."

"நினைச்சேளா?"



"கண் திறந்திருந்தது," என்றார் கடைசியில். "மைக்கை எடுத்துண்டு வந்துட்டேன். யார்கிட்டேயும் சொல்லலை. கேம்ல இருக்கறது அந்தக் கடைசி முக்கால் மணி நேரத்துச் சத்தம்தான். அதுதான் எல்லாத்தையும்விட நன்னா இருந்தது."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக அலமாரியிலிருந்து ஹெட்செட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஒரு வார்த்தைதான் சார். அதை நீங்க சொல்லணும்னு காத்துண்டிருக்கார். சொல்லிடுங்கோ."

அவர் அதை மாட்டிக்கொண்டார். மூன்றாவது பாட்டைத் தேர்ந்தெடுத்தார். விளையாடத் தெரியாதவர் போலத் தடுமாறினார். பாதிக் கட்டைகளைத் தவறவிட்டார். பாட்டு முடிந்தது.

தலையை மெல்ல வலப்பக்கம் சாய்த்தார், யாரோ பேசுவதைக் கேட்பது போல. அவர் முகம் குழந்தையின் முகம் போலக் கோணியது. உதடு 'போ' என்று குவிவதை நான் பார்த்தேன்.

வாயிலிருந்து வந்த வார்த்தை வேறு.

"இன்னொண்ணு."

கை உயர்ந்து இறங்கியது. அவர் திடுக்கிட்டுத் தலையை ஆட்டினார். மறுபடி உதட்டைக் குவித்தார்.

"இன்னொண்ணு."

"சார், போதும்னு சொல்லுங்கோ!"

"இன்னொண்ணு... இன்னொண்ணு..." கண்ணீர் ஹெட்செட்டுக்கு அடியில் வழிந்து தாடையில் சொட்டியது. ஒவ்வொரு முறையும் உதடு சரியான எழுத்தில்தான் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அந்த ஒரே வார்த்தைதான் வெளியே வந்தது. நான் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். அவர் கை நிற்கவில்லை. மேஜை விளக்கு உடைந்தது. மானிட்டர் விழுந்தது. விரல் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை, நாற்பது நிமிஷம், அவர் வெட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது ஆஸ்பத்திரியில் கட்டிலோடு சேர்த்துக் கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊசி போட்டால் தூங்குகிறார். விழித்தால் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு பேச்சில்லை. பார்க்க வருகிறவர்கள் அவர் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து இன்னொரு தலையணை, இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

கேமை நான் அன்றே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்களிடமிருந்து அதைப் பிடுங்க முடியாது. எல்லாருக்கும் கடிதம் எழுதினேன், அழித்துவிடுங்கள் என்று. சிலர் ஏன் என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் பதில் போடவில்லை.

அந்த வாரக் கடைசியில் துறையூர் போய், அங்கிருந்து உப்பிலியபுரம் பஸ் பிடித்தேன். ஆண்டியின் மனைவி வெள்ளையம்மாளைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. ஊர்க் கோடியில், பச்சைமலை எதிரே தெரிய, ஓட்டு வீடு. என்னை உள்ளே கூப்பிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். 

"பத்து மரம்னுதான் அன்னிக்கு வேலை," என்றார் பிறகு. "அவரு பொணத்தை எடுக்கப் போனப்ப எண்ணிப் பார்த்தாங்க. எம்பத்தாறு மரம் கெடந்துச்சு. பைத்தியம் புடிச்சுருச்சுன்னு ஊருல பேசிக்கிட்டாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுட்டேன். என் மனுஷனையே அப்படி நெனச்சுட்டேன், பாருங்க."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா," என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சத்தத்தைப் புகழ்ந்த கருத்துகளையெல்லாம் படித்துப் படித்து நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதற்காக இருக்கலாம்.

"வாங்க," என்று எழுந்தார்.

கொல்லை நடந்து போகும் தூரம்தான். உச்சி வெயில். புதுக் கன்றுகள் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தன. வரப்பில் நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெள்ளையம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான்.

"ஏய்யா! போதும்யா. அந்தாளு சொல்ல மாட்டான். நான் சொல்றேன், போதும். வேலை முடிஞ்சிருச்சு. வீட்டுக்கு வந்துரு."

ஒரு இலை அசையவில்லை. ரொம்ப நேரம் நின்றோம். என் தோளில் அத்தனை நாள் இருந்த வலி கொஞ்சம் தணிந்தது போல இருந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேட்டிருப்பாரு," என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்டூல் மேல் ஏறி, கூரை ஓரத்தில் செருகியிருந்த சாக்குத் துணியை எடுத்தார்.

"அவரோட அருவா. போற வழியில ஆத்துத் தண்ணியில போட்டுருங்க. இனிமே இது எதுக்கு இங்க?"

துணியைப் பிரித்தார். பிடி காய்ந்து வெளிறியிருந்தது. பத்து மாதமாக யாரும் பிடித்து வெட்டாத பிடி. வெட்டும் பக்கம் நனைந்திருந்தது. புது வாழைப்பால் விளிம்போடு இறங்கி, நுனியில் திரண்டு, அவர் பாதத்தில் சொட்டியது.

நான் சுவரோடு ஒண்டிக்கொண்டேன். அவர் பயப்படவில்லை. முந்தானையின் ஒரு மூலையை எடுத்து, பழகிய கையால், நுனிவரை மெதுவாகத் துடைத்தார். அந்த மூலை முழுக்கக் கறுத்த கறை.

"காலையிலதான் துடைச்சு வெச்சேன்," என்றார்.