அட்டைத் தட்டில் விழுந்த நிழல்

கைக்காப்பு எட்டு என்று துடித்ததும் பவளக்கொடி மிளகாய் வத்தல் குவியலின் முன் உட்கார்ந்து காம்பு கிள்ளத் தொடங்கினாள். விருதுநகரில் எல்லார் மணிக்கட்டிலும் நேரக்காப்பு உண்டு. கடிகாரங்களை நேர வாரியம் எப்போதோ வாங்கி உடைத்துவிட்டது. வெயிலுக்குப் பயந்து ஊருக்கே வெப்பக்கூரை போட்டபின் நிழலும் ஒழிந்தது. இந்த வாரம் மட்டும், அவள் வேலைபார்க்கும் வத்தல் கிடங்கான கிட்டங்கியின் முற்றத்துக்கு மேலே கூரைத் தகடுகளைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். முற்றம் முழுக்க நிஜ வெயில்.

விடுமுறையான நேற்று அவள் மகள் முத்தரசி அங்கேதான் பள்ளிச் செயல்பாட்டுக்கு ஒரு சூரியக் கடிகாரம் செய்தாள். நிற்கவைத்த வட்ட அட்டை, நடுவே குத்திய பென்சில், சுற்றிலும் கோடுகள்.

இரவில் அழிரப்பரோடு வந்து நின்றாள். "காப்போட ஒத்தே வரலம்மா. கோட்ட அழிச்சுட்டு மாத்திப் போட்டுரட்டா? இல்லன்னா கண்காட்சியில சேக்க மாட்டாக."

"பாகைமானி வச்சுத்தான போட்ட?"

"கோட்டுக்குக் கோடு பதினஞ்சு பாகை. பென்சிலும் சரியா வடக்க பாத்துத்தான் இருக்கு. ஆனா, காப்பு வேலை நேரத்துல ஒரு மணி காட்டுறதுக்குள்ள நிழலு ஒண்ணேகால் கட்டம் போயிருது. சாப்பாட்டு நேரத்துல முக்கால்கூடப் போகல."

பவளக்கொடி வத்தல் தரகர் வீட்டில் பிறந்தவள். எடைக்கல்லைக் கையில் தூக்கியே அடியில் குடைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். பத்து வருடமாக இடுப்பு ஏன் இப்படி முறிகிறது, படுத்ததும் ஏன் விடிந்துவிடுகிறது என்பதெல்லாம் இப்போது விளங்கியது.

"அட்டை தப்பில்லடி. நம்மகிட்ட நேரத்த வாங்குறதுக்கு ஒரு கல்லு, குடுக்கிறதுக்கு ஒரு கல்லுன்னு வச்சிருக்கான் வாரியத்துக்காரன். அழிக்காத. நாளைக்கு எனக்கு வேணும்."

காலையிலேயே விஷயத்தைக் கிட்டங்கிப் பெண்கள் பதினேழு பேருக்கும் சொல்லிவிட்டாள். சாப்பிட உட்கார்ந்ததும் நிழல் ஒரு கோட்டின் மேல் விழும்படி, கொண்டுவந்திருந்த அட்டைத் தட்டைத் திருப்பி வைத்தாள். தூக்குவாளி காலியாவதற்குள் காப்புகள் துடித்தன. யாரும் எழவில்லை.

மேற்பார்வையாளன் கோமதிநாயகம் வந்தான். "துடிச்சது தெரியலையாக்கா?"

"தெரிஞ்சது. நிழலு இன்னும் அடுத்த கோட்டுக்கு வரல தம்பி."

"அட்டைய நம்பி வாரியத்தோட மோதுறீகளா? காப்ப முடக்கிட்டான்னா உங்க வீட்டுக் கதவுகூடத் தொறக்காது."

"முடக்கட்டும். நீ வீட்டுக்குப் போறப்ப உம்பிள்ளைக முழிச்சிருக்கா?"

அவன் தன் காப்பைப் பார்த்தான், குனிந்து அட்டையைப் பார்த்தான்.

"தள்ளி நில்லு, வெயில மறைக்குற."

கோமதிநாயகம் தள்ளி நின்றான். பென்சில் நிழல் அவசரப்படாமல் நகர்ந்து கோட்டைத் தொட்டது. பவளக்கொடிதான் முதலில் எழுந்து சேலையை உதறினாள்.

"எந்திரிங்கடி, அளவு சரியாப் போச்சு," என்றாள். பிறகு கோமதிநாயகத்திடம் திரும்பினாள். "சாயங்காலம் வேலைய முடிக்கிறதுக்கும் இதே கல்லுதான்."