மேல் வரிசையில் ஒரு நீலக் கட்டம்

வீட்டில் எல்லாருக்கும் அது பதினைந்தாம் நாள். துளசிக்கு மட்டும் இருபதாம் நாள்.

இடையிலிருந்த ஐந்து நாளை அவள் அம்மாவிடம் மறைத்திருந்தாள். அண்ணன் வாசு டெங்கிக் காய்ச்சலில் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தான் என்று சொல்லியிருந்தாள். பெட்டியைத் திறக்கக் கூடாது, அது ஆஸ்பத்திரி ரூல் என்றும் சொன்னாள். அம்மா நம்பினாள். சனிக்கிழமையிலிருந்து எண்ணித்தான் நாளைக்குக் கருமாதி வைத்திருந்தார்கள். படையல் முடிந்துவிட்டால் இனி யாரும் நாள் கேட்கப் போவதில்லை.

அம்மாவின் ஆயர் ஈத்தாம் பிளாட்டில் மதிய வெயில் சன்னல் கம்பிகளில் காய்ந்தது. வாசு தனியாக இருந்த சிம்பாங் அம்பாட் வாடகை வீட்டிலிருந்து வந்த அவன் மடிக்கணினி சாப்பாட்டு மேசையில் திறந்திருந்தது.

"கண்டதையும் எடுத்துப் போட்டுரு லா," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "எனக்கு ரெண்டு போதும். போட்டோ, பாட்டு. உன் அண்ணன் கம்ப்யூட்டரு ராத்திரிச் சந்தை, பசார் மாலாம் மாதிரி இருக்கு."

துளசி சிரிக்க முயன்றாள். மெனுவைத் திறந்தால் திரை முழுக்கச் சின்னங்கள். பழைய கேம்கள், பேக்டரி ஷிப்ட் அட்டவணை, எப்போதோ அழித்த நிரல்களின் வெற்றுப் பெயர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் மாதிரிக் குப்பிகளை அடுக்குவது அவள்தான்.

மேல் வரிசை தானாக நிரம்புவது. எதை அதிகம் திறக்கிறோமோ அது முன்னால் வந்து நிற்கும். முதலிடத்தில் வீடியோ அழைப்பின் நீலக் கட்டம் இருந்தது. அதை எடுத்தாள். மெனுவை மூடித் திறந்தாள். நீலக் கட்டம் அங்கேயே இருந்தது.

நிரலையே அழித்தாள். மறுபடி திறந்தாள்.

முதலிடத்தில் நீலக் கட்டம்.

கணினியின் விசிறி மெல்லச் சுழன்று, பக்கவாட்டுத் துளைகள் வழியே அவள் மணிக்கட்டில் வெதுவெதுப்பாக மூச்சுவிட்டது, அந்த மூச்சில் பூட்டிய வீட்டில் மறந்துபோன மீன்வாடையும் அதன் அடியில் அழுகிய பழத்தின் இனிப்பும் கலந்திருந்தன. பரிசோதனைக் கூடத்து ஆல்கஹாலால் அவள் நான்கு முறை துடைத்த கணினி அது. தொடுபலகை ஈரமாக இருந்தது. நாக்கின் அடிப்புறம் போல. விரலை எடுத்தபோது மெல்லிய நூலாக ஏதோ கூடவே வந்தது.

பாவாடையில் துடைத்தாள். விரலின் வழவழப்பு போகவில்லை.

கணினியைச் சாய்த்தாள். விசைகளின் இடுக்கிலிருந்து பழுப்பாக ஒன்று மேசையில் விழுந்தது. நெல் உமி போலிருந்தது. உமி அல்ல என்று அவளுக்குத் தெரியும். ஈப்புழுவின் கூட்டு ஓடு. உள்ளே காலி.  

நீலக் கட்டத்தின் மேல் அம்புக்குறியை வைத்தாள். கடைசியாகத் திறந்தது: வெள்ளிக்கிழமை, மதியம்.

வெள்ளிக்கிழமை.

"அம்மா, அண்ணன் கடைசியா எப்போ கூப்பிட்டாரு?"

"வெள்ளிக்கிழமைதான், போறதுக்கு முந்தின நாள். செவ்வாயிலேர்ந்து தினம் மத்தியானம் கூப்பிட்டான். மூஞ்சியும் தெரியல, ஒரே இருட்டு. பேச்சும் இல்ல. சவக் சவக்னு மென்னுக்கிட்டே இருந்தான். வாயில சோத்த வச்சுக்கிட்டு ஏண்டா கூப்பிடறேன்னு திட்டினேன்." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பாவம், என்ன பசியோ."

 அந்தச் சத்தத்தைத் துளசியும் கேட்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை. அண்ணன் வீட்டுக் கதவை உடைத்தபோது. இருட்டு அறையில். நாற்காலியிலிருந்து.

நீலக் கட்டத்தை மறுபடி அழித்தாள். வந்தது. அழித்தாள். வந்தது. இப்போது வரிசை முழுக்க நீலம். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எதையும் தொடவில்லை.

கட்டம் தானாக அமுங்கியது.

கேமராவின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது.

அடுப்படியில் அம்மாவின் போன் அடித்தது.

"வாசுன்னு காட்டுது. நீதான் போட்டுப் பாக்குறியா?" அம்மா போனைக் காதில் வைத்தாள். முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத சிரிப்பு வந்தது. "ஏய், என்னடி மெல்ற? உன் அண்ணன மாதிரியே."

துளசியின் வாயில் ஒன்றும் இல்லை.

அம்மா திரும்பிப் பார்த்தாள். மகளின் மூடிய வாயைப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஈரமான சத்தம் மேசைவரை கேட்டது. சவக். சவக்.

"வைங்கம்மா. போன வைங்க."

"அப்போ இது யாரு?"

"அண்ணன் சனிக்கிழமை சாகல. ஆஸ்பத்திரிக்கே போகல. திங்கட்கிழமையே செத்துட்டாரு, அந்த நாற்காலியிலேயே. அஞ்சு நாள் யாரும் கதவத் திறக்கல. நீங்க கேட்டது... அவரு சாப்பிட்டதில்லம்மா. புழு அவரத் தின்னது."

போனில் மெல்லும் சத்தம் நின்றது. பிறகு, நிதானமாக, அது விழுங்கியது.