பானெட்டுக்கு அந்தப் பக்கம்

வண்டி நின்ற விதம்தான் மெக்கானிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி திக்கித் திணறி, நாலு உதறு உதறிவிட்டுத்தான் நிற்கும். கரன்ட் கோளாறு என்றால் விளக்குகள் மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இது எதுவும் செய்யவில்லை. சாயங்காலத் தூறலில் சோதித்துப் பார்க்க ஓட்டி வந்து, மூடிப்போன தொழிற்சாலையின் நீண்ட மதிலை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது, வீடு வந்து சேர்ந்த ஒருவர் சாவியைத் திருப்பி அணைப்பதுபோல அவ்வளவு நிதானமாக அணைந்தது. குனிந்து பார்த்தான். சாவி திருப்பிய இடத்திலேயே இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பெருமூச்சு விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஒரு வாரமாக இந்த வண்டி அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பட்டறையில் நாள் முழுக்க ஓடவிட்டாலும் சமர்த்தாக ஓடும். சாலைக்கு வந்தால் நிற்கும். நின்றால் கிளம்பாது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். பெட்ரோல் ஏற்றும் பம்பை மாற்றிவிட்டான், பொறி விடும் பிளக்குகளை மாற்றிவிட்டான், என்ஜின் சுற்றுவதைக் கண்டுசொல்லும் சென்சாரையும் மாற்றிவிட்டான். "உங்களாலயும் முடியலன்னா சொல்லிடுங்க" என்று வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போதுகூடத் தட்டில் விரலால் வயர் போகும் வழியைக் கோடிழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வண்டி வந்ததிலிருந்து நீங்கள் வீட்டிலேயே இல்லை என்று அவள் காலையில்தான் அழுதிருந்தாள்.

அவன் இறங்கி பானெட்டைத் தூக்கினான். அவள் நகர்ந்து ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தாள். பட்டறையில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான். அவன் "அடி" என்றால் அவள் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிப்பாள், "போதும்" என்றால் நிறுத்துவாள். நடுவில் பானெட் சுவர்போல நிற்கும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கல்யாணமானதிலிருந்து நாம் பேசிக்கொண்டதில் பாதி இந்த இரண்டு வார்த்தைதான் என்று கேலி செய்வாள்.

தலையில் மாட்டியிருந்த விளக்கைப் போட்டுக்கொண்டு, "அடி" என்றான். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. "போதும்" என்றான். பிளக்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனான். ஈரமாக இருந்தது, பெட்ரோல் நெடி கண்ணைக் கரித்தது. ஆக, பெட்ரோல் வருகிறது. பிறகு என்னதான் கேடு இதற்கு? ஸ்பேனரை ஓங்கி பம்பர்மேல் ஒரு போடு போட்டான்.

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"விட்டுத் தொலைங்க. இழுத்துட்டுப் போக ஆளக் கூப்பிடுறேன். நாளைக்கே இத அவர்கிட்ட திருப்பிக் குடுத்துடலாம்."

"கைக்கு வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம்."

"ஒரு வாரமா இதத்தான் சொல்றீங்க."

அப்படியானால் நீ போ, எனக்கு யாரும் வேண்டாம் என்று அவன் பானெட்டுக்குள்ளிருந்தே சொன்னான். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். இங்கே சிக்னல் இல்லை. வந்த வழியே திருப்பம்வரை நடந்தால் கிடைக்கும். அவள் செருப்புச் சத்தம் ஈரச் சாலையில் தேய்ந்துகொண்டே போனது.

பெட்ரோல் இருக்கிறது, ஆகவே நெருப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றிய பிளக்கை வயரில் செருகி என்ஜின் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான். தூறல் பானெட்டின் மேல் அரிசி களைவதுபோலச் சலசலத்தது. கண்ணெடுக்காமல் பிளக்கின் நுனியையே பார்த்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், "அடி" என்றான்.

என்ஜின் சுற்றியது.

பிளக்கில் பொறி இல்லை. "போதும்" என்றான். நின்றது. நெருப்புத்தான் வரவில்லை என்று ஒரு வாரத்துக்கு அப்புறம் ஏதோ ஒன்று உறுதியான சந்தோஷத்தில் அடுத்த ஸ்பேனரைத் தேடும்போதுதான், அவள் போய்விட்டாளே என்பது உறைத்தது.

திரும்பி வந்திருப்பாள். கோபம் வந்தால் அவள் அப்படித்தான், வாயே திறக்காமல் வேலையை மட்டும் செய்வாள். அவனுக்கு மனசு இளகிவிட்டது.

"நான் பேசுனது தப்புதான், கோச்சுக்காத" என்றான், நிமிராமலே.

சீட்டு மட்டும் முனகியது. கனமான ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் வரும் முனகல்.

எட்டிப் பார்த்திருக்கலாம், இரண்டடி நகர்ந்தால் போதும். ஆனால் கைக்குக் கிடைத்த துப்பின் நுனியை விட மனம் வரவில்லை. சென்சார் புதுசு, ஆனால் அதற்குப் போகும் வயர் பழசுதானே? விரலால் தடவிக்கொண்டே கீழே போனான். சைலன்சர் குழாயை உரசிக்கொண்டு போகும் இடத்தில் வயர் இளகிக் கொழகொழவென்று இருந்தது. சாலையில் வேகமாக ஓடும் சூட்டில் உள்ளே பிரிகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. இதுதான். பட்டறைவரை இழுத்துக்கொண்டு போவதற்குள் ஆறிவிடும், அவனும் ஏமாந்துபோவான். "அகப்பட்டியா" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. கெட்ட துண்டை வெட்டியெறிந்தான். புது வயர் ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி, குழாய்க்கு எட்டாதபடி தள்ளிக் கட்டினான். பிளக்கை முடுக்கினான். இந்த ஜென்மத்தில் இனி இது நிற்காது.

வாயைத் திறந்தான். அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி.

பானெட்டின் ஓரமாக, தூரத்தில், வண்டிக்குப் பின்னால், திருப்பத்தில் ஒரு வெளிச்சம் ஆடியது. ஃபோன் வெளிச்சம். ஒரு கையால் துப்பட்டாவைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி அவள் வந்துகொண்டிருந்தாள்.

வாய் திறந்தபடியே நின்றான்.

பானெட்டின் அடிவிளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே குனிந்து பார்த்தான். முகம் தெரியவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். இடது கட்டைவிரலில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. காலையில் விரலை வெட்டிக்கொண்டு, அவசரத்துக்கு அவன் சுற்றிக்கொண்ட டேப். தன் கையைப் பார்த்தான். அதே சுற்று. முனை அதேபோலப் பிய்ந்திருந்தது.

உட்கார்ந்திருந்தவன் விரலால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான். உத்தரவுக்குக் காத்திருக்கிறவனைப்போல.

தலையில் மாட்டியிருந்த விளக்கை அணைத்தான். பம்பரோடு ஒட்டிக் குந்திக்கொண்டான். ஓடிப்போய் அவளைத் தடுத்திருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். அவனோ ஒளிந்துகொண்டான். பயம் அவ்வளவு கேவலமானது. எந்தச் சத்தம் போட்டாலும் அது அந்த வார்த்தையாகவே வந்துவிடும் என்று தோன்றியது. வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டான். கையில் பெட்ரோல் நாற்றம்.

செருப்புச் சத்தம் நெருங்கியது. வண்டியின் பக்கவாட்டில் வந்து நின்றது. இடதுபக்கக் கதவு திறந்தது. மூடியது.

உள்ளே அவள் குரல். கோபமெல்லாம் தணிந்த குரல்.

"அப்பாடா, எழுந்து வந்து உக்காந்துட்டீங்களா. அந்த மட்டும் சந்தோஷம்."

ஒரு ஆண்குரல் மெதுவாக ஏதோ சொன்னது. அவள் சிரித்தாள். ஒரு வாரமாக அவனிடம் சிரிக்காதவள்.

"சரி, கடைசியா ஒருவாட்டி. அடிங்க, பாக்கலாம்."

என்ஜின் ஒரே சுற்றில் பிடித்தது.

அவன் எழுந்து ஓடினான். அவள் பக்கக் கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தான். கதவுகள் நாலும் ஒரே நேரத்தில் 'டக்'கென்று பூட்டிக்கொண்டன. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஈரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் முதலில் குழம்பியது. அவனைப் பார்த்தாள். அப்புறம், மெள்ள, மிக மெள்ள, ஸ்டியரிங் பக்கம் தலையைத் திருப்பினாள்.

வண்டி பின்னோக்கி நகர்ந்தது. பானெட் தூக்கியபடியே. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவிடாமல் அது மறைத்துக்கொண்டு நின்றது. பக்கக் கண்ணாடியில் மட்டும் அவள் உள்ளங்கை. அடித்தது. மறுபடியும் அடித்தது. அவன் துரத்தினான். வழுக்கி விழுந்தான். எழுந்து ஓடினான். வண்டி வேகமெடுத்தது.

"நின்னுடு" என்றான். "நின்னுடு, நின்னு தொல."

திருப்பத்தில் விளக்குகள் மறைந்தன. தொழிற்சாலை மதிலில் மோதி மோதி என்ஜின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முழங்காலில் ரத்தத்தோடு சாலை நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒரு திக்கல் இல்லை. ஒரு உதறல் இல்லை. அவன் பார்த்த வேலை சுத்தமாக இருந்தது.