மாசி மாதக் களவு: பூச்சியம்

மணம் முதலில் யோகமலருடைய வீட்டு ஹீட்டரில்தான் வந்தது.

1987 மாசி மாதம். கனடாவின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கிற குளிர். ஒரே கட்டடத்து ஆறு வீட்டுச் சனமும் சன்னல்களைப் பழந்துணியாலும் பிளாஸ்ரிக் தாளாலும் அடைத்துவிட்டு, உள்ளே அவிந்துகொண்டிருந்த நாட்கள். பின்னேரம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். அந்த நேரம் பார்த்துக் கீழே பேஸ்மென்றில் பொயிலர் உறுமத் தொடங்கும், சுவரோரக் குழாய்களுக்குள் தண்ணீர் கொறகொறவென்று ஏறும், இரும்பு சூடாகும். சூடு ஏற ஏற, குழாய் நிலத்துக்குள் இறங்குகிற ஓட்டையால், முதலில் நனைந்த கம்பளி மாதிரி, பிறகு ஊறவைத்த தோல் மாதிரி, கடைசியில் நாக்கின் அடியில் இனிப்பான எண்ணெய் தடவியது மாதிரி ஒன்று மேலே வந்து, கதிரையில் குந்திய விருந்தாளியைப் போல எழும்ப மாட்டேன் என்று இருந்துகொள்ளும்.

மூன்றாம் நாள் அது மாடிக்கும் ஏறிவிட்டது. படிக்கட்டில் வழக்கு தொடங்கியது.

"மன்னார்க்காரர் கட்டிலுக்குக் கீழை கருவாடு காயப் போட்டிருக்கினம் போலை," என்றாள் நடு மாடிக் கிளி அக்கா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

மேல் மாடி அல்போன்சம்மா விடுவாளா? "எங்கட பாரைக் கருவாடு மணந்தால் பசி வரும் அக்கா. இது வயித்தைப் பிரட்டுது. பக்கத்து வீட்டுப் பெடியளின்ர சொக்ஸாய் இருக்கும். அஞ்சு குமரன்மார், பத்துக் கால். தோய்ச்ச மாதிரித் தெரியேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். யோகமலரும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சன்னல் கண்ணாடியில் ஒரு இலையான் ஊர்ந்தது. கொழுத்த, பச்சை முதுகு ஈ. வெளியே உறைநிலைக்குக் கீழே இருபது பாகை. மாசி மாதத்தில் இலையான் எங்கேயிருந்து வரும்?

அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை நினைக்காமல் இருக்கத்தான் படாத பாடு பட்டாள்.

கதை சப்பாத்தில் தொடங்கியது. நம்முடைய ஆட்கள் சப்பாத்தோடு வீட்டுக்குள் போவார்களா? பனிச் சப்பாத்துகள் எல்லாம் வீடுகளுக்கு நடுவிலுள்ள ஓடையில், கதவு வாசலில், சோடி சோடியாகக் கிடக்கும். வெள்ளைக்காரன் பூட்டி வைக்கிற சாமானை நாங்கள் கடை விரித்து வைத்திருந்தோம். தை மாதத்தில் மட்டும் பதினொரு சோடி போய்விட்டது. அல்போன்சம்மாவின் மனிசன் சூசைப்பிள்ளை இரண்டு நாள் செருப்போடு பனிக்குள் வேலைக்குப் போய்க் கால் பெருவிரல் கறுத்துக் கிடந்தார்.

கிளி அக்காவின் மனிசன் கனகசிங்கத்தார் ஊரில் விதானையாராக, கிராம அதிகாரியாக, இருந்தவர். கனடாவுக்கு வந்து ஓட்டலில் கோப்பை கழுவினாலும் நடை மாறவில்லை. உடனே ஒரு விழிப்புக் குழு அமைத்தார். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, வாசல் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்: 'தை மாதக் களவு: 11.' பக்கத்தில் மாசிக்கு ஒரு வெற்றுக் கட்டம். ஆம்பிளைகள் போகும்போதும் வரும்போதும் அதைப் பரீட்சை மறுமொழி பார்ப்பதுபோல நின்று பார்த்தார்கள்.

"அண்ணை, பொலிசுக்குச் சொன்னால் என்ன?" என்று குமரன்மாரில் மூத்தவன் அருமைராசா கேட்டான்.

"பொலிசோ? நல்லாய்த்தான் கதைக்கிறாய். பொலிசு வந்தால் பேர் எழுதும். எழுதின பேர் இமிக்கிறேசனுக்குப் போகும். ஆறு வீட்டுக் கேசும் அதோடை சரி."

அது உண்மையோ பொய்யோ ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பொலிசு என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. ஊர்ப் பொலிசைப் பார்த்தவர்கள்தானே.

மாசி முதலாம் ஞாயிறு பின்னேரம் ஆளைப் பிடித்துவிட்டார்கள். யோகமலர் கதவைச் சங்கிலி மாட்டியபடியே ஒரு விரலளவு நீக்கிப் பார்த்தாள். நெட்டையான, எலும்பும் தோலுமான ஒரு வெள்ளைக்காரன். கம்பளித் தொப்பி, செம்பட்டைத் தாடி. கையில் சூசைப்பிள்ளையின் புதுச் சப்பாத்து. பிரெஞ்சில் ஏதோ திருப்பித் திருப்பிச் சொன்னான். பொன்ஜூர், மெர்சி தவிர இவர்களுக்கு அதில் என்ன தெரியும்? ஆறு ஆம்பிளைகள் அவனைப் படியால் இறக்கினார்கள். அவளைக் கடக்கும்போது அவன் கதவு நீக்கலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

பேஸ்மென்றில் பொயிலருக்குப் பக்கத்தில், பழைய காலத்து நிலக்கரி அறை ஒன்று உண்டு. சன்னல் இல்லை. தடித்த பலகைக் கதவு, அதன் அடியில் ஒரு சாண் அகல இரும்பு மூடி. அது சரியாக யோகமலரின் படுக்கை அறைக்குக் கீழே. வீட்டுக்காரக் கிரேக்கன் வெயில் காயப் புளோரிடா போயிருந்தான். பங்குனி வரை அங்கே எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

ஆம்பிளைகள் மட்டும் திரும்பி மேலே வந்தார்கள்.

"கொஞ்சம் பயப்பிடட்டும் பிள்ளை," என்றார் கனகசிங்கத்தார், அறையின் திறப்பை, அந்த ஒற்றைச் சாவியை, வாசல் தாளுக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிக்கொண்டே. "சாப்பாட்டு நேரத்துக்கு விட்டிடுவம்."

"ஆர் விடுற?" என்றாள் யோகமலர்.

"ஆரோ ஒராள் விடுவினம்."

சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. யோகமலர் படுத்திருந்தாள். கட்டில் காலின் கீழ், நிலத்தின் கீழ், டொக், டொக் என்று இரண்டு சத்தம். பிறகு இடைவெளி. பிறகு இரண்டு. குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம் என்று தனக்குத்தானே சொன்னாள். தண்ணீர் அப்படி எண்ணி எண்ணித் தட்டுமா?

திங்கள் காலை கனகசிங்கத்தாரைப் படியில் மறித்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு இரவு அடைச்சு வைச்சாச்சு. இப்ப விட்டால் அவன் நேரே பொலிசிட்டைப் போவான். எங்கட முகமெல்லாம் பார்த்திட்டான். நாளைக்கு யோசிப்பம்."

செவ்வாய்க்கிழமை விட்டால் அது இரண்டு இரவு. புதன்கிழமை விட்டால் மூன்று. விடாத ஒவ்வொரு நாளும் விடுவதை இன்னும் பயங்கரமாக்கியது. அந்தக் கணக்கு அவளுக்கு நன்றாக விளங்கியது, ஏனென்றால் அவளுக்கு இன்னொரு நாள் குறித்திருந்தது: மாசி இருபத்துநாலாம் திகதி, அகதி விசாரணை. அது நல்லபடி முடிந்தால் மட்டக்களப்பில் தமக்கையிடம் விட்டுவந்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிடலாம். சின்னவளுக்குத் தாயின் முகம் மறந்துபோய்விட்டது என்று கடிதம் வந்திருந்தது. அதற்குள் இந்த வாசலில் ஒரு பொலிஸ் கார் நின்றால்?

செவ்வாய் மத்தியானம் அவள் செய்தது அதிகம் இல்லை. ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் சோறு போட்டு, பருப்பை ஊற்றி, ஒரு முட்டைப் பொரியலும் வைத்தாள். சப்பாத்துச் சத்தம் கேட்கக்கூடாதென்று வெறுங்காலோடு பேஸ்மென்றுக்கு இறங்கினாள். இரும்பு மூடியைத் தூக்கினாள். உள்ளே கரிய இருட்டு. மூத்திர நாற்றம். இருட்டுக்குள் ஒரு மூச்சு, நாய் இளைப்பதுபோல, உட்சுவர்ப் பக்கம்.

"சாப்பிடுங்க," என்றாள் தமிழில். "மறுகா திறந்து விடுவாங்க."

டப்பாவைத் தள்ளிவிட்டு ஓடிவந்துவிட்டாள். திறப்பு ஆணியில்தான் தொங்கியது. அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனாள். போய்க் கை கழுவியதும் நெஞ்சு லேசாகி, மிச்சப் பருப்பை ஊற்றித் தானும் வயிறு முட்டச் சாப்பிட்டாள். நல்ல மனிசி என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சத்தம் நின்றது. யாரோ திறந்துவிட்டார்கள். கட்டாயம் திறந்துவிட்டிருப்பார்கள். ஓடையில் சப்பாத்துகள் வரிசை குலையாமல் கிடந்தன. சனம் கதவைப் பூட்டாமலே கடைக்குப் போய் வந்தது. கனகசிங்கத்தார் ஒவ்வொரு காலையும் வெற்றுக் கட்டத்தைக் காட்டி, "பார்த்தியளே, பூச்சியம்," என்பார்.

அதற்குப் பிறகுதான் மணம்.

அவள் மல்லியை வறுத்தாள். சாம்பிராணி போட்டாள். குழாய் ஓட்டையில் கந்தைத் துணி அடைத்தாள். காலையில் பார்த்தால் துணி ஈரமாகி, மஞ்சளாய்ப் பிசுபிசுத்தது. தலைமயிரில் மணந்தது. தின்னும் பாணில் மணந்தது. இலையான்கள் இரண்டாகி, ஏழாகி, கண்ணாடியோரம் ஒரு கரும்புள்ளிக் கோலமாயின. அவள் திகதியை எண்ணினாள். இன்னும் ஐந்து நாள். இன்னும் மூன்று.

இருபத்துநாலாம் திகதி, இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனாள். கோட்டிலும் மணம் ஏறியிருக்குமோ என்று கதிரையைப் பின்னுக்கு இழுத்து இருந்தாள். உங்கள் கணவருக்கு என்ன நடந்தது என்று அதிகாரி கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"முகாமில அடைச்சு வெச்சாங்க. எட்டு நாள். பிறகு பிரேதம்தான் தந்தாங்க."

"அவர் அங்கே இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ராவைக்கு அவர் கத்துறது கேக்கும். பக்கத்து வீட்டாக்கள் எல்லாருக்கும் கேட்டது."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். நல்ல மனிதர், கண்ணில் இரக்கம் இருந்தது. ஒன்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் திருப்பினார்: "கேட்டவர்கள் என்ன செய்தார்கள்?"

யோகமலர் கோட்டுக் கையால் மூக்கையும் வாயையும் பொத்தினாள். அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு அதிகாரி ஒரு கிளாசில் தண்ணீர் நீட்டினார்.

உங்கள் விஷயம் நன்றாகத் தெரிகிறது, கடிதம் வரும் என்று அனுப்பினார்கள். மெட்ரோவில் இறங்கினாள். பனிக்குள் நடந்தாள். வீட்டுக் கதவைத் திறக்கவில்லை, கோட்டைக் கழற்றவில்லை. ஆணியிலிருந்து திறப்பை எடுத்தாள்.

பேஸ்மென்ற் படி பதின்மூன்று. ஏழாம் படியில் கண் எரிந்தது. பத்தாம் படியில் கோட்டுக் கையைக் கடித்துக்கொண்டாள். பொயிலர் உறுமியது. கதவு சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் நெற்றிபோல.

திறப்பு திரும்பியது.

கறுப்பாய் இலையான்கள். முகத்தில். வாயில். துப்பினாள்.

பொயிலர்ப் பக்கத்து மின்குமிழின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. முதலில் கண்டது ஆளை அல்ல. டப்பாக்களை. ஐஸ்கிறீம் டப்பா, மாஜரின் டப்பா, தயிர் டப்பா. ஒன்றுக்குமேல் ஒன்று, மூடி ஓட்டைக்குப் பின்னால் ஒரு மேடாக. எல்லாம் நிறைய. எல்லாவற்றிலும் பூஞ்சணம், பச்சையாய், சாம்பலாய், பூனைக்குட்டி மயிர்போல. ஆனாலும் தெரிந்தது. தேங்காய்ப்பூப் போட்ட பிட்டு, கிளி அக்கா. பாரைக் கருவாட்டுக் குழம்பு, அல்போன்சம்மா. பாணும் சிவப்புச் சம்பலும், குமரன்மார் வீட்டில் சமைக்கிற கடைக்குட்டி. ஒரு வீடு தவறவில்லை. சிலர் இரண்டு மூன்று தரம் போட்டிருந்தார்கள்.

ஒருவரும் தொடாத சாப்பாடு.

ஏன் சாப்பிடவில்லை?

அவன் குப்புறக் கிடந்தான். வீங்கி, சட்டைப் பொத்தான் தெறித்து. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால், கால் இரண்டும் ஒன்றாக. நீல நைலோன் கயிறு, துணி காயப் போடுகிற கயிறு, சதைக்குள் புதைந்துபோய் இருந்தது. சுவர்க் குழாயிலிருந்து கதவு வரை கரித்தூளில் அவன் நெஞ்சால் அரைந்து வந்த தடம்.

பின்னால் காலடிகள். படியில் எல்லாரும் நின்றார்கள். திறப்பு ஆணியில் இல்லாததைக் கண்டு வந்திருக்கிறார்கள்.

கிளி அக்கா எட்டிப் பார்த்தாள். அந்தக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் புருஷனிடம் திரும்பினாள். "கையைக் கட்டியே விட்டனியள்?"

கனகசிங்கத்தார் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சோறு போட்டனியே?"

ஆம்பிளைகள் கட்டினார்கள். சமைக்கிறவர்கள் சோறு போட்டார்கள். ஒரே பாயில் படுத்து எழும்பி, ஒரு வீட்டிலும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லவில்லை.

சூசைப்பிள்ளை படியில் குந்தி வாந்தி எடுத்தார். கனகசிங்கத்தாரின் பழைய விதானையார்க் குரல் வந்தது.

"இஞ்சை ஒருத்தற்றை சாமானும் கிடக்கக்கூடாது."

கிளி அக்கா சேலையைத் தூக்கிச் செருகினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, குனிந்து, தன் டப்பாக்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அல்போன்சம்மா சிலுவை போட்டாள். போட்ட கையாலேயே தன்னுடையதை எடுத்தாள். அருமைராசா வந்தான். ஒவ்வொருவராக, ஊரில் சங்கக் கடை அரிசிக்கு வரிசையில் நிற்பதுபோல, தள்ளாமல் முந்தாமல். இலையான்கள் எழும்பி எழும்பி இருந்தன. ஒருவரும் கிடந்தவனை மிதிக்கவில்லை, அவ்வளவு கவனம்.

மேடு கரைந்தது. ஒன்று மிஞ்சியது.

"கெதியாய், பிள்ளை," என்றார் கனகசிங்கத்தார், கையில் பூட்டோடு. "உன்ர பிள்ளையளை யோசி."

அவளுடைய டப்பா அவன் முகத்தின் கீழே இருந்தது. அது ஒன்றைத்தான் அவன் எட்டியிருக்கிறான். அந்தச் செவ்வாய்க்கிழமை, அவள் படியேறி ஓடிய பிறகு, நெஞ்சால் அரைந்து வந்து, முகத்தை உள்ளே விட்டு.

அவள் முழந்தாளிட்டாள். செம்பட்டை மயிரைப் பற்றினாள். மயிர் தோலோடு கொஞ்சம் கழன்றது, விடாமல் பற்றினாள். தலை பாரமாக இருந்தது. டப்பாவை இழுத்தபோது சோறு முகத்தோடு அச்சாக வந்தது.

"கெதியாய்."

அவள் விரலால் வழித்தாள். தாடியிலிருந்து. மூக்கிலிருந்து. பல்லிடுக்கில் பருப்பு மஞ்சளாய் இருந்தது, நகத்தால் கிண்டினாள். ஒவ்வொரு பருக்கையாக எடுத்து டப்பாவுக்குள் போட்டாள். கண் இமையில் ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் எடுத்தாள்.