தட்டல் நின்றால்தான் கதவு

"அண்ணி, விளையாடாதீங்க, கதவைத் திற—"

"உள்ள கால் வச்சதுமே தட்ட ஆரம்பிச்சிட்ட! கொஞ்ச நேரம் கூட—"

"எப்ப? இப்பதானே தட்டறேன்! மூச்சு முட்டுது அண்ணி!"

"முட்டினா இப்படிக் கத்த வருமாடி? பயம் உச்சிக்கு ஏறும், பத்து நிமிஷத்துல தானா இறங்கும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? காலையில நீயும்தான் மண்டைய ஆட்டின."

ஆட்டினாள்தான். பூக்கடையின் குளிர் அறைக் கதவில் உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு மாதமாகிறது. உள்ளே போனவர் தட்டுவார், வெளியே நிற்பவர் திறப்பார். ஆனால் பூங்கொத்து கட்டும் இவளுக்கு, பேருந்தில் போகும்போதும் தலை துவட்டும்போதும்கூட, காரணமே இல்லாமல் நெஞ்சு தடதடக்கும். செத்தேன் என்று எழுந்து ஓடுவாள். "ஓடாம அங்கேயே இருந்து பாருங்க" என்று டாக்டர் சொன்னதை வைத்து, கடையை நடத்தும் அண்ணி தாழ்ப்பாளே போட்டுவிட்டாள். தட்டல் நின்றால்தான் கதவு. இன்றும் ஓடினால் நாளையிலிருந்து கடைக்கு வர வேண்டாம்.

வாளிகளில் இருந்த ரோஜாக்களும் அழுகிய காம்புகளின் வாடையும், மேலே ஓயாமல் இரைந்த குளிர்விசிறியும், காதுக்குள் இடித்த சொந்த இதயமும் என எல்லாம் சேர்ந்து சுவர்களை நெருக்கிக்கொண்டு வர, விரல்கள் மரத்துப்போகும்வரை இரண்டு கைகளாலும் அறைந்தாள். கதவோரமே சரிந்து உட்கார்ந்தாள்.

இது பயம். வெறும் பயம். சாவு இல்லை.

ஏறியது. இன்னும் ஏறியது. நின்றது. பிறகு, நம்பவே முடியாமல், மெல்ல இறங்கியது.

ஓடாமல் இருந்துவிட்டாள்! சிரிப்புகூட வந்தது. வேலை பிழைத்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

டொக். டொக். டொக்.

"இன்னுமா அடங்கல? கதவு பாவம்டி! நீ நிறுத்தற வரைக்கும் நான் முன்பக்கம் இருக்கேன்."

செருப்புச் சத்தம் நகர்ந்தது.

டொக்.

மடியைப் பார்த்தாள். இரண்டு கைகளும் அங்கேயே இருந்தன.

சத்தம் இந்தப் பக்கம். தலைக்கு நேர் மேலே.

நிமிர்ந்தாள். யாருமில்லை. கதவுத் தகட்டில் படிந்த பனியில் நான்கு விரல் முட்டிகளின் ஈரத் தடம். டொக். அதனடியில் இன்னொன்று. டொக். இன்னும் கீழே. அவள் முகத்தருகே.

"அண்ணி... தட்டறது நான் இல்ல."