இரண்டு கதவுக் கொட்டகை

பிரகாசி இடது கதவைத் திறந்து கொட்டகைக்குள் வந்தாள். வலது கதவு பூட்டியிருந்தது. சுயம்பு மதியம்தான் வருவான். அவன் வரும்போது அவள் இருக்கக் கூடாது.

உவரி ஓடுதளத்தில் இருப்பது ஒரே விமானம். ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை. மினிக்காய்த் தீவில் ஒரு பெண் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அவளுக்கு வேண்டிய ரத்த வகை தீவில் இல்லை. இன்று மாலைக்குள் ரத்தப் பைகளோடு விமானம் கிளம்பியாக வேண்டும். அதற்கு முன் எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோ இரண்டையும் கழற்றிப் பார்த்து மாட்டும் முறை வந்திருந்தது.

அவள் விமானத்தின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மேல்வரிசை பிளக்குகளைக் கழற்றினாள். முதல் சிலிண்டரின் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, மறு கையால் முன்விசிறியை மெல்லத் திருப்பினாள். காற்று விரலைத் தள்ளியது. பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் இருபத்தைந்து பாகை இருக்கிறது என்று காட்டும் பல்சக்கரக் கோடு குறிக்கு நேரே வந்ததும் நிறுத்தினாள். பொறி தெறிக்க வேண்டிய இடம் அது. இரண்டு நட்டுகளைத் தளர்த்தியதும் இடது மேக்னெட்டோ கைக்கு வந்தது. தேங்காய் அளவு, கருங்கல் கனம்.

உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், திறந்து மூடும் ஒரு ஜோடி பாயிண்ட். காந்தம் சுழன்றால் சுருளில் மின்சாரம் பிறக்கும். பாயிண்ட் திறக்கும் நொடியில் பிளக்கில் பொறி தெறிக்கும். பேட்டரி வேண்டாம், கணினிச் சில்லு வேண்டாம். சூரியப் புயல்கள் அடிக்கடி வந்து சில்லுகளைக் கருக்கத் தொடங்கிய பிறகு வானத்தில் மிஞ்சியது இந்தக் காந்தப்பொறி மட்டும்தான்.

பாயிண்டைத் துடைத்தாள். இடைவெளியை அளந்து சரிசெய்தாள். மேக்னெட்டோவைத் திரும்பப் பொருத்தி, பாயிண்ட் திறப்பதைக் காட்டும் விளக்குக் கம்பியை மாட்டி, பல்ப் அணையும் இடம் வரை அதன் கூட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். அணைந்த இடத்தில் நட்டுகளை முறுக்கி, அவற்றின் மேல் நீலச் சாயத்தில் ஒரு கோடு இழுத்தாள். நீலம் அவளுடைய கை. சுயம்புவின் கை சிவப்பு.

சில்லுகளோடு, வேலையைச் சரிபார்த்த கருவிகளும் போயின. மனிதர்களை மனிதர்கள்தான் சரிபார்க்க வேண்டும் என்றானபோது இருகை விதி வந்தது. எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் மற்றது கரை சேர்க்கும். ஆனால் இரண்டையும் ஒரே கை தொட்டால் ஒரே தவறு இரண்டிலும் ஏறிவிடும். ஆகவே இரண்டு ஃபிட்டர், இரண்டு கதவு, இரண்டு வேளை. வேலையைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது. ஒரே வீட்டுச் சோறு சாப்பிடக் கூடாது.

கடைசி வரிதான் பிரகாசிக்கு இடித்தது. போன கோயில் கொடைத் திருவிழாவில், கூட்டத்துக்கு நடுவே, சுயம்பு கேட்டிருந்தான்.

"கட்டிக்கிடுவமா?"

"கட்டிக்கிட்டா வலது பக்கத்தை யாரு பாக்கது?"

 அவன் பிறகு கேட்கவில்லை. அவன் பக்கத்தை இன்னொருவன் தொடுவதை அவளால் நினைக்க முடியவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தால் அவளுக்குத் தூக்கம் வரும், அவ்வளவு நிம்மதி.

சுயம்பும் தன் பக்கத்தை முடித்த பிறகு, எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் வேளையில்தான் இருவரும் ஒன்றாக நிற்கலாம். பைலட் நிலோபர் இருக்கையில் ஏறினாள். ரத்தப் பெட்டி பின்னால் கட்டியிருந்தது.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. மாப்பிள்ளை பொண்ணு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்காதீங்க," என்றாள்.

"நீங்க முதல்ல எஞ்சினைப் பாருங்கக்கா," என்றாள் பிரகாசி. சுயம்பு தரையைப் பார்த்துச் சிரித்தான்.

எஞ்சின் பிடித்தது. சூடேறியதும் நிலோபர் வேகத்தைக் கூட்டி, சாவியைத் திருப்பி, ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓட விட்டாள். அப்படி ஓடும்போது வேகம் காட்டும் முள் நிமிடத்துக்கு நூறு சுற்று போல இறங்கும். வழக்கம் அது. இன்று நாற்பதுதான் இறங்கியது. மற்றதற்கு மாற்றினாள். அதுவும் நாற்பது.

நிலோபர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள். "என்ன பண்ணுனீங்க? வெண்ணெய் மாதிரி ஓடுது!"

பிரகாசி கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினாள். எஞ்சின் நின்றது.

"ஏன்?"

"ரொம்பக் குறைவா விழுதுக்கா."

"நல்லதுதானே?"

"இல்ல. பொறி முன்கூட்டியே தெறிக்குதுன்னு அர்த்தம். இங்க வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். முழு பாரத்தோட கடல் மேல போனா பிஸ்டன் ஓட்டையாயிரும்."

"ரெண்டும் ஒண்ணா இருக்கே?"

"அதான் பயமா இருக்கு." அவள் சுயம்புவிடம் திரும்பினாள். "எத்தனைல வச்ச?"

"இருபத்தஞ்சு. நீ?"

"இருபத்தஞ்சு."

எஞ்சினின் விலாவில் விவரத் தகடு எண்ணெய் படிந்து கிடந்தது. பிரகாசி கந்தலால் துடைத்தாள். பொறி நேரம் இருபது பாகை. போன மாதம் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு இதை ஏற்றியிருந்தார்கள். பழையதற்கு இருபத்தைந்து.

"தகட்டைப் பாக்கலியா சுயம்பு?"

"நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்."

அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். தான் பிசகினால் அவன் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும் என்று. 

நிலோபர் இறங்கி வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். இப்படி இரு கையும் ஒன்றாகத் தவறினால் அதற்கு ஒத்த பிழை என்று பெயர். அறிவித்தால் அந்த ஜோடி அதோடு முறிந்தது. பிறகு எந்த எஞ்சினிலும் இருவரும் சேர்ந்து கை வைக்க முடியாது.

"அவங்கவங்க பக்கத்தை இருபதுக்கு மாத்தி வையுங்க," என்றாள் நிலோபர். "வெளிச்சம் இருக்கு. நான் எதையும் பாக்கல."

சுயம்பு பிரகாசியைப் பார்த்தான். "நீ சொல்லுதபடி செய்யலாம்."

அவள் வலது மேக்னெட்டோவின் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். நேர்த்தியான கோடு. எப்போதும் போல நிம்மதியாக இருந்தது. அதுதான் கோளாறு என்று இப்போது தெரிந்தது.

"இன்னிக்கு மாத்தி வச்சிருவோம். அடுத்த தடவை? அவன் பாத்திருப்பான்னுதான் நான் இருப்பேன். அவனும் அப்படித்தான். ஒருத்தரை ஒருத்தர் நம்புதவங்களுக்கு இந்த வேலை ஆகாதுக்கா. ஒத்த பிழைன்னு அறிவிச்சிட்டு எபனேசர் அண்ணாச்சியைக் கூப்பிடுங்க."

"அந்த ஆளையா?" என்றான் சுயம்பு.

"அந்த ஆளைத்தான்."

எபனேசர் படகுத்துறையில் எஞ்சின் பார்ப்பவர். வலது மேக்னெட்டோவைத் தொட உரிமம் உண்டு. கடையில் மோர் வாங்கினால் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார். அவர் வருவதற்குள் சுயம்பு தன் சிவப்புச் சாயத்தைத் தானே சுரண்டினான். துகளை ஊதிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வலது கதவு வழியே வெளியே போனான்.

பிரகாசி முதலில் தன் பக்கத்தை இருபதில் வைத்து, நீலம் இழுத்துவிட்டு விலகினாள். எபனேசர் உள்ளே வந்ததும் அவள் துடைத்திருந்த தகட்டை மறுபடி துடைத்தார்.

"அண்ணாச்சி, அதை நான் பாத்துட்டேன்."

"நீ பாத்தா? ஒன்னய நம்பியா ஒரு உசுரைக் கடலுக்கு அனுப்ப? போ பிள்ளே வெளிய."

அவள் போனாள். அவர் முடித்து மஞ்சள் கோடு இழுத்த பிறகு எஞ்சினை ஓட்டினார்கள். வலது பக்கம் தொண்ணூறு இறங்கியது. இடது நூற்றுப் பத்து.

"ஒன்னோடதுதான் கூட விழுது," என்றார் எபனேசர்.

"விழட்டும். வரம்புக்குள்ளதான் இருக்கு."

பொழுது சாயும் முன் விமானம் கிளம்பியது. சத்தம் கடலில் கரையும்வரை நின்றுவிட்டு, பிரகாசி இடது கதவைப் பூட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வலது பக்கம் வந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் அவள் வந்ததில்லை. சுயம்பு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

"எங்க போவ?" என்றாள்.

"மணப்பாட்டுல படகு எஞ்சின் கிடக்கு."

"அப்ப இனி நாம ஒரே எஞ்சின்ல கை வைக்க மாட்டோம்."

"மாட்டோம்."

"அப்ப ஒரே சோத்துச் சட்டில வைக்கலாம்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து நின்றான். பெட்டி சரிந்து ஸ்பேனர்கள் மணலில் கொட்டின.

மறுநாள் மதியம் அவள் வீட்டில் சமைத்தார்கள். அவன் மீன் கழுவினான், அவள் மசாலா அரைத்தாள். குழம்பு கொதிக்கும்போது மேற்கே சத்தம் கேட்டது. இருவரும் கரண்டியும் கையுமாக வெளியே ஓடினார்கள். எஞ்சின் ஒரே சீராகப் பாடிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு மேலே வந்ததும் நிலோபர் இறக்கையை ஒருமுறை ஆட்டினாள். தாயும் பிள்ளையும் நலம் என்று அர்த்தம்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சுயம்பு முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு நிறுத்தினான்.

"என்ன?"

"உப்பே இல்ல."

"நீ போடலியா?"

"நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

பிரகாசி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே உப்பு ஜாடியை இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்தாள்.